கணவாய்க்கு அரை நாள் கொடு

அன்புள்ள இலக்கியாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். ஜூலை விடுமுறையில் ஒரெகனின் பெண்ட் ஊருக்குப் போகும் வழியில் மெக்கென்ஸி கணவாயில் பத்து நிமிடம் நிறுத்தி, டீ ரைட் கோபுரத்தில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று எழுதியிருந்தாய். பத்து நிமிடம் போதாதம்மா. அரை நாளாவது கொடு.

கோபுரத்தின் மேலே ஏறியதும் கண் பனிச் சிகரங்களுக்குத்தான் போகும். தெற்கே சிஸ்டர்ஸ் மலைகள், வடக்கே வாஷிங்டன், அதற்கப்பால் ஜெஃபர்சன். எது எந்த மலை என்று உச்சியில் இருக்கும் வெண்கலத் தகடு சொல்லும். சுவரில் விட்டிருக்கும் திறப்புகள் ஒவ்வொன்றும் ஒரு மலையைக் காட்டும். குட்டிப் பையன் ஆதவனைத் தூக்கிப் பார்க்க வை.

ஆனால் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது காலடியில் இருக்கிறது. சுற்றிலும் கிடக்கும் அந்தக் கரிய பாறைக்காடு நெருப்புக் குழம்பாக ஓடி வந்தது. யபோவா, பெல்நாப் எரிமலை வாய்கள் கக்கியது. வயது 3000 ஆண்டுக்குள்தான், மலைகளின் கணக்கில் மிகவும் இளையது. மேலோடு இறுகிய பின்னும் உள்ளே குழம்பு நகர்ந்துகொண்டே இருந்ததால் ஓடு நொறுங்கி முனைமுனையாகக் கிடக்கிறது. மழைக்கும் பனிக்கும் அங்கே குறைவில்லை. விழுந்த நீர் இடுக்குகளில் இறங்கிவிடுகிறது, மண்ணோ இன்னும் சேரவில்லை. அதனால்தான் காட்டு மலைகளின் நடுவே இவ்வளவு பெரிய வெறுமை. அதிலும் ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டு முறுகி நிற்கும் குட்டை மரத்தை ஆதவனுக்குக் காட்டு. வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்து விளக்கிய எதுவும் அதற்கு ஈடாகாது.

அந்தக் கோபுரமும் அதே கல்தான். வேலையில்லாமல் தவித்த இளைஞர்களை அரசு பணியில் சேர்த்த காலத்தில், 1935இல், அவர்கள் அடுக்கிக் கட்டியது.

அருகில் அரை மைல் நடைபாதை உண்டு, கட்டாயம் நடங்கள். பாதையை விட்டு இறங்க வேண்டாம். அந்தக் கல் தோலைக் கிழித்துவிடும். நிலவுக்குப் போகவிருந்த விண்வெளி வீரர்களே 1960களில் இந்த எரிமலைப் பகுதிக்குப் பயிற்சிக்கு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள். எல்லோருக்கும் ஷூ வேண்டும். நிழல் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள். ஆசைக்கு ஒரு கல் என்று பையில் போட்டுக்கொள்ளாதே.

கணவாய்க்குப் போகும் 242ஆம் எண் சாலை பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். கோடையில் திறக்கும் நாளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கிளம்புமுன் விசாரி. 35 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். மாப்பிள்ளை பெரிய வேன் வாடகைக்கு எடுக்கும் யோசனையில் இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

இன்னொன்று. இந்த வழியில் பாதை போட முன்னின்றவர் ஜான் கிரெய்க். பிறகு இதே கணவாய் வழியே தபால் சுமந்தார். 1877 டிசம்பரில் பனியில் சிக்கி, வழியில் தான் கட்டி வைத்திருந்த குடிசையிலேயே இறந்துபோனார். சாலையோரம் அவர் நினைவிடம் இருக்கிறது. தாண்டிப் போய்விடாதீர்கள், அங்கேயும் இறங்குங்கள்.

அன்புடன்,
பெரியப்பா