தில்லி அரசுப் பள்ளிக்கு ஆசிரியராகப் போகலாமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

தில்லியில் பி.எட். முடிக்கப்போகும் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. "சீலம்பூர், சங்கம் விஹார் பக்கம் போஸ்டிங் போட்டுவிட்டால் என்னம்மா பண்ணுவாய்? பேசாமல் நல்ல பிரைவேட் ஸ்கூலாகப் பாரேன்!" சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரையில் பாதி கேள்விப்பட்டது, மீதி அச்சம். முப்பது ஆண்டுகள் செய்யப்போகும் தொழிலை இந்த இரண்டையும் நம்பி முடிவு செய்யக் கூடாது. ஜுக்கி எனப்படும் குடிசைக் குடியிருப்புகளையும் மறுகுடியேற்றக் காலனிகளையும் ஒட்டியுள்ள பள்ளிகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் ஆறு நம்பிக்கைகளைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: "அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது."

உண்மை: பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்பது மெய். 2016-ல் தில்லி அரசு தன் ஆறாம் வகுப்பு மாணவர்களைச் சோதித்துப் பார்த்தது. நான்கில் ஏறத்தாழ மூன்று பேரால் தங்கள் இந்திப் பாடநூலில் ஒரு பத்தியை வாசிக்க முடியவில்லை. இதற்குக் காரணம் பிள்ளைகளின் மூளை அல்ல. பெரும்பாலானோர் ஐந்தாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் தில்லி அரசின் கல்வி இயக்ககப் பள்ளிக்கு வருகிறார்கள். இரண்டுக்கும் நிர்வாகம் வேறு. அங்கே விட்டுப்போனதை இங்கே யாரும் கேட்பதில்லை. பாடத்திட்டம் மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

அத்தகைய ஒரு பிள்ளையின் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். கரும்பலகையில் இருந்த அத்தனையும் முத்து முத்தான எழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடு இட்டு எழுதப்பட்டிருக்கும். அதே பக்கத்தில் ஒரு வரியை விரல் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது சொல்லிலேயே விரல் நின்றுவிடும். எழுத்துகளைப் படம்போலப் பார்த்து வரைந்திருக்கிறாள். இத்தனை உழைப்பைப் போடத் தெரிந்த குழந்தைக்கு வாசிக்கவும் வரும்.

வழியும் தெரிந்ததுதான். பிரதம் அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும் நடத்திய 'பால்சகி' திட்டத்தைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சக ஆய்வாளர்களும் முறையாகச் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தபோது மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் இந்த வழியில்தான் தில்லியில் 2016-ல் 'சுனௌத்தி'யும் 2018-ல் 'மிஷன் புனியாத்'தும் தொடங்கப்பட்டன.

நம்பிக்கை 2: "பெற்றோருக்கே அக்கறை இல்லை, நாம் என்ன செய்வது?"

உண்மை: 2016 ஜூலையில் தில்லி அரசுப் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில் பெற்றோர்–ஆசிரியர் கூட்டம் நடத்தியபோது பெற்றோர் திரளாக வந்தார்கள். தினக்கூலிக்காரருக்குப் பள்ளிக்கு வருவதென்றால் அன்றைய கூலி போய்விடும். அப்படியும் வருகிறார்கள், கடன்பட்டாவது டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அவர்களால் சொல்லிக்கொடுக்க முடியாததை அக்கறையின்மை என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

பிள்ளை ஏன் வரவில்லை என்பதற்கு வகுப்பறைக்கு வெளியே பெரிய காரணங்கள் இருக்கலாம். நம் சொந்த மக்களையே எடுத்துக்கொள்வோம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்தது மதராசி கேம்ப். தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். தில்லி உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து, 2025 ஜூன் 1 அன்று அங்கிருந்த சுமார் 370 வீடுகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என்று ஏற்கப்பட்டவை 189 குடும்பங்கள்தாம். அவர்களுக்கும் வீடு கொடுத்தது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நரேலாவில். தில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளை அடுத்த மாதம் வருகைப் பதிவேட்டில் காணாமற்போனால் அதைச் சோம்பல் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஏழைக் குடியிருப்பில் ஆசிரியராக இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய பாடங்களில் இதுவும் ஒன்று.

நம்பிக்கை 3: "அடிக்காவிட்டால் அடங்கமாட்டார்கள்."

உண்மை: தில்லிப் பள்ளிகளில் பிரம்படியை அனுமதித்த விதியை 2000 டிசம்பரிலேயே தில்லி உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வகுப்பில் ரகளை செய்யும் பையன் பெரும்பாலும் பாடம் புரியாத பையன். வாசிக்கத் தெரியாததைச் சகமாணவர் முன் காட்டிக்கொள்வதைவிட வாத்தியாரிடம் திட்டு வாங்குவது அவனுக்கு எளிது. அவனுக்கு எட்டும் வேலையைக் கையில் கொடுத்துவிட்டால் சத்தம் தானாகக் குறையும். இது பழகினால் வரும் திறமை. முதல் ஆண்டில் எல்லாருக்குமே தடுமாற்றம் இருக்கும்.

நம்பிக்கை 4: "அரசுப் பள்ளி என்றால் பாழடைந்த கட்டடம்." மறுபக்கம்: "இப்போது தில்லியில் எல்லாமே மாறிவிட்டது."

உண்மை: இரண்டுமே அரைகுறை. 2020-ல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் தில்லி அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி ஏறத்தாழ 98 விழுக்காடு. தனியார் பள்ளிகளை முந்தியது. இது பெருமைக்குரியது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்து சேர்ந்தவர்களின் கணக்குதான் அது. ஒன்பதாம் வகுப்பில் தோற்று வழியிலேயே நின்றுபோனவர்கள் அதில் வருவதில்லை.

இடநெருக்கடியும் தீரவில்லை. பல பள்ளிகளில் ஒரே கட்டடத்தில் காலையில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, மதியம் ஆண் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி. தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், நடுநிலையில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆனால் வடகிழக்கு தில்லிப் பள்ளிகளின் நெரிசலும் மோசமான நிலையும் 2024-ல் உயர் நீதிமன்றம் வரை போயின. ஆகவே பொத்தாம்பொதுவாக முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு பள்ளியும் வேறு; நேரில் போய்ப் பாருங்கள்.

நம்பிக்கை 5: "தனியார் பள்ளியில்தான் மரியாதையும் சம்பளமும். எப்படியும் பி.எட். இருந்தால் எங்கும் சேர்ந்துவிடலாம்."

உண்மை: ஏழாவது ஊதியக் குழுவின்படி தில்லி அரசுப் பள்ளிகளில் தொடக்க அடிப்படைச் சம்பளம் இப்படி: தொடக்கநிலை ஆசிரியருக்கு 35,400 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 44,900, முதுகலை ஆசிரியருக்கு 47,600. படிகள் தனி. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளும் இதற்குக் குறையாமல் தர வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் தில்லி பள்ளிக் கல்விச் சட்டம் 10-ஆம் பிரிவில் சொல்கிறது. பல தனியார் பள்ளிகள் தருவதில்லை; ஆசிரியர்கள் வழக்குப் போட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளியிலும் எல்லாருக்கும் இந்தச் சம்பளம் இல்லை. கெஸ்ட் டீச்சராகச் சேர்ந்தால் வேலை செய்த நாளுக்குத்தான் காசு. கோடை விடுமுறையில் கை வறண்டுவிடும். அவர்களை நிரந்தரமாக்க 2017-ல் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியும் காரியம் நடக்கவில்லை. எந்த வகைப் பணி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

தகுதியிலும் கவனம் தேவை. பி.எட். படித்தவர்கள் ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராகத் தகுதியற்றவர்கள் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்க விரும்பினால் தொடக்கக் கல்விப் பட்டயம் (டி.எல்.எட்.) அல்லது தில்லிப் பல்கலைக்கழகம் 1994-ல் தொடங்கிய நான்கு ஆண்டு பி.எல்.எட். போன்ற படிப்பு வேண்டும். தொடக்கப் பள்ளிக்கும் நடுநிலைக்கும் சி.டெட் எனும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நிரந்தரப் பணிக்குத் தேர்வு நடத்துவது தில்லி அரசின் பணியாளர் தேர்வு வாரியமான டி.எஸ்.எஸ்.எஸ்.பி.; அதில் இந்தியும் ஒரு பகுதி. தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் தேர்வுக்காக மட்டுமல்ல, வகுப்பில் ஒரு குழந்தையின் அழுகையைப் புரிந்துகொள்ளவும் இந்தியை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 6: "அங்கே போவது தியாகம். மன உறுதி இருந்தால் ஒருவரே எல்லாவற்றையும் மாற்றலாம்."

உண்மை: இது நல்ல மனதில் பிறக்கும் நம்பிக்கை, அதனாலேயே ஆபத்தானது. தியாகம் என்று எண்ணிப் போகிறவர் நன்றியை எதிர்பார்ப்பார். அது கிடைக்காதபோது உடைந்துபோவார். அமெரிக்காவில் ஆசிரியர்கள் ஏன் பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்து ரிச்சர்ட் இங்கர்சால் 2001-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. நிர்வாகத்தின் துணை இல்லாதது, பள்ளி முடிவுகளில் தங்கள் குரலுக்கு இடம் இல்லாதது, குறைந்த சம்பளம், மாணவர் ஒழுங்குச் சிக்கல் ஆகியவை அவர்களை விரட்டின. பெரும்பாலானவை பள்ளியை நடத்தும் விதத்தைச் சேர்ந்தவை. ஒழுங்குச் சிக்கலும் துணை இல்லாத இடத்தில்தான் முற்றுகிறது.

தில்லியிலும் இதே நிலைதான். வாக்காளர் பட்டியல் வேலை, படிவங்கள், அறிக்கைகள் என்று பாடவேளையைத் தின்னும் வேலைகள் நிறைய. அவற்றைத் தனியாளாகத் தாங்க முடியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியர், கதவைத் திறந்துவைத்திருக்கும் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் ஆகியோர் சேர்ந்தால்தான் பாரம் குறையும். 2016-ல் தில்லி அரசு தன் ஆசிரியர்களிலிருந்தே 200 பேரை வழிகாட்டி ஆசிரியர்களாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அடிப்படை இதுதான்: ஆசிரியருக்குத் துணை இன்னோர் ஆசிரியர்.

அப்படியானால் எப்படி முடிவு செய்வது?

பி.எட். இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி உண்டு. அதை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள வசதியான பள்ளியில் கழிக்காதீர்கள். திரிலோக்புரி, ஜஹாங்கீர்புரி, சங்கம் விஹார் பக்கம் ஒரு பள்ளியைக் கேட்டு வாங்குங்கள். அங்கே நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். புது ஆசிரியருக்கு இங்கே யார் உதவுகிறார்கள்? ஒரு வகுப்பில் உண்மையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? வாசிக்க வராத பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள்? பெற்றோர் வந்தால் உட்கார நாற்காலி போடுகிறார்களா?

விடைகள் மனநிறைவு தந்தால் தயங்காமல் போங்கள். தரவில்லை என்றால் அதே வட்டாரத்தில் வேறு பள்ளியைப் பாருங்கள். கற்பிக்கும் கலை முழுமையாகத் தேவைப்படுவது அங்கேதான். நல்ல ஆசிரியர் ஒருவரால் அதிகம் பயன்பெறும் பிள்ளைகளும் அங்கேதான் இருக்கிறார்கள்.