டிராக்டரும் டிரெய்லரும்: பூட்டும் முறை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. நுகத்தடியையும் பூட்டாங்கயிற்றையும் பாராமல் மாட்டு வண்டியை ஓட்டத் துணிந்த வண்டிக்காரர் இல்லை. இன்று பாகூர் வட்டாரத்தில் நெல் மூட்டைகளையும் கரும்பையும் டிராக்டர்கள் இழுத்துச் செல்கின்றன. மாட்டைப் பூட்டும்போது காட்டிய கவனத்தை இயந்திரத்தைப் பூட்டும்போதும் நாம் காட்டுகிறோமா? தென்பெண்ணையாற்றை அடுத்த குருவிநத்தம் போன்ற ஊர்களில், மழைக்குப் பின் வண்டிப்பாதை சேறாகும் காலத்தில், இக்கேள்வி உயிரைப் பற்றியதாகும்.

முதலில் அறிய வேண்டியது, எவ்விடத்தில் பூட்டுவது என்பதாகும். டிராக்டரின் பின்புறம், அச்சுக்குக் கீழே தாழ்வாக அமைந்திருப்பது இழுவைத் தண்டு. பாரம் இதில்தான் பூட்டப்பட வேண்டும். சக்கரம் சேற்றில் அழுந்தி அசையாது நிற்கும்போது, எஞ்சினின் விசை சக்கரத்தைச் சுழற்ற இயலாமல் டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்க முற்படும். சங்கிலியை அச்சிலோ அதற்கு மேலோ கட்டியிருந்தால், பாரத்தின் இழுப்பும் அதனோடு சேர்ந்து டிராக்டரைப் பின்புறமாகக் கவிழ்த்துவிடும். இதற்கு ஒன்றரை வினாடியே போதும். ஓட்டுபவர் குதித்துத் தப்ப அவகாசமில்லை. தாழ்ந்த தண்டில் பூட்டினாலோ, முன்பக்கம் எழும்ப எழும்பத் தண்டு மேலும் தாழ்ந்து, கவிழ்க்கும் விசை குறைகிறது.

கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டி டிராக்டர் கவிழும் இவ்வபாயத்தைக் கருத்திற்கொண்டே அயர்லாந்துப் பொறியாளர் ஹாரி ஃபெர்குசன் மூன்று முனை இணைப்பை வகுத்தார். 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் இடம்பெற்ற அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. ஆனால் அவ்விணைப்பு கலப்பை முதலிய கருவிகளுக்கு உரியது. சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க அதன் மேல் கையில் சங்கிலியைக் கட்டுதல் பெருந்தவறு.

இரண்டாவது, இணைப்பு ஆணி. பட்டறையில் இதனைப் ‘பின்’ என்பர். துளைக்குப் பொருந்திய பருமனுள்ள ஆணியையே இடவேண்டும். கிடைத்த கம்பித் துண்டைச் செருகுதல் ஆகாது. குலுக்கலில் அது மேலெழாதபடி அடியில் பூட்டுக் கொக்கி இருத்தல் அவசியம். ஆணி ஒருகால் முறிந்தாலும் டிரெய்லர் விலகி ஓடாதபடி காப்புச் சங்கிலியும் வேண்டும். நெசவாளர் அறிவர்: இழை உறுதியாயினும் முடிச்சு நழுவினால் பாவு நில்லாது.

மூன்றாவது, பாரம் ஏற்றும் முறை. முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர் கூறுவது இரு சக்கர டிரெய்லருக்கும் பொருந்தும். பின்பாரம் மிகுந்தால் இழுவைத் தண்டு மேலே தூக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையின் பிடிப்பை இழக்கும். முன்பாரம் அளவு கடந்தால் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பினாலும் வண்டி திரும்பாது. நெல் மூட்டையாயினும் நூல் சிப்பமாயினும், முன்புறம் சிறிதே கனக்குமாறு அடுக்குதல் நன்று.

சாலையில் ஏறுமுன் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் நின்றால் வண்டி சுழன்றுவிடும். டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையே, இழுவைத் தண்டின்மேல், எவரையும் அமரவிடலாகாது. சிறுவரை ஒருபோதும் கூடாது. கயிறு கட்டி இழுக்கும்போது அருகில் நிற்பவர் தூர விலக வேண்டும். அறுந்த கயிறு சாட்டைபோல் திரும்பி வரும். வண்டி சேற்றில் சிக்கினால் வேகத்தைக் கூட்டாமல், பாதிப் பாரத்தை இறக்கிவிட்டு இழுப்பதே அறிவுடைமை.

ஆணியும் சங்கிலியும் பெருஞ்செலவு வைப்பன அல்ல. அறுவடைக்கு முன் அங்கத்தினர் ஒன்றுகூடி, ஊரிலுள்ள டிரெய்லர்கள் அனைத்தையும் ஒரு நாளில் பார்வையிட்டு, தேய்ந்த ஆணிகளை மாற்றலாம். வேண்டியவற்றைச் சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கலாம். விளைச்சல் வீடு வந்து சேர்வதுபோல், அதைக் கொண்டுவருபவரும் நலமே வீடு சேர வேண்டுமன்றோ?