ஒட்டுத் தெரியாத தரை

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் ஆத்தங்குடித் தரையைப் படமெடுத்து ‘ஸ்வீட் ஹோம் 3டி’ மென்பொருளில் பரப்பினால், கட்டம் கட்டமாக ஒட்டுத் தெரிகிறதே, ஏன்?

பதில்: தாங்கள் காணும் கட்டங்களுக்குப் பிரதான காரணம் வெளிச்சமே. ஜன்னலருகே பிரகாசமாயும் எதிர்ப்புறம் மங்கலாயும் பதிந்த படத்தை அடுத்தடுத்து வைக்கும்போது, வெளிச்ச ஓரமும் இருண்ட ஓரமும் சந்திக்குமிடமெல்லாம் கோடு தோன்றாமல் இராது. ஆகையால், மேகமூட்டமான நாளில், விளக்குகளை அணைத்து, காமிராவைத் தரைக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுக்க வேண்டும்.

பின்னர், கல்லின் நடுவில் வெட்டாமல், இரு கற்கள் கூடும் இணைப்பின் மையத்திலேயே நான்கு ஓரங்களையும் வெட்டுக. ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின்மேல் வர்ணச் சிமெண்டைக் கையால் வார்த்துச் செய்யப்படுவதால் ஒரு கல்லைப் போல் மற்றொன்று இராது. அந்தப் பேதமே அதன் சௌந்தரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். எனவே ஒரே கல்லைப் பிரதி செய்யாமல், நான்குக்கு நான்காகப் பதினாறு கற்களை எடுத்துக்கொள்வதே உத்தமம்.

‘கிம்ப்’ மென்பொருளில் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியளவு நகர்த்தினால், ஓரங்கள் நடுவில் வந்து, மறைந்திருந்த ஒட்டு சிலுவைபோல் வெளிப்படும்; அதை நகலெடுக்கும் தூரிகையால் பூசி மறைக்கலாம். கண்ணைக் கவரும் கறை ஒன்றிருந்தால் அதையும் நீக்குக. ஏனெனில் அது கூடமெங்கும் வரிசையாகத் திரும்பத் தோன்றும். ‘ஸ்வீட் ஹோம் 3டி’யில் சேர்க்கையில் மெய்யளவைக் கொடுக்க மறவாதீர்கள்: பத்தங்குலக் கல்லாயின் இப்படத்தின் அகலமும் உயரமும் தலா 101.6 சென்டிமீட்டர்.