பாண்டியன் ஏன் குதிரை வாங்கினான்?

அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கிவருமாறு திருவாதவூரரைப் பெரும்பொருளுடன் அனுப்பிய வரலாற்றைச் சைவ மாணவர் யாவரும் கேட்டிருப்பர். அப்பொருள் திருப்பெருந்துறையிற் சிவத்தொண்டுக்குச் செலவாயிற்று, அமைச்சர் சிறைப்பட்டார், நரி பரியாயிற்று. அவ்வற்புதத்தில் உள்ளம் தோயும் நாம், ஓர் அமைச்சரையே கருவூலப் பொருளுடன் அனுப்புமளவுக்குக் குதிரை ஏன் வேண்டப்பட்டது என்று கேட்பதில்லை.

விடை புல்லில் இருக்கின்றது. குதிரை உலர்ந்து அகன்ற புல்வெளிக்கு உரிய விலங்கு. வெப்பமும் சேறும் நெல்லும் மிக்க தமிழ்நிலத்தில் அது நன்கு இனம் பெருகவில்லை. ஆகவே அரசர்க்கு வேண்டிய பரிகள் தலைமுறைதோறும் கப்பலேறி வந்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் அவை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறும். மகாவமிசமோ சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரைக் குதிரை வணிகன் மைந்தர் என்கின்றது. அவர்கள் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் அரசு செலுத்தினர். குதிரை வாணிகம் எத்துணைச் செல்வமும் படைவலியும் தந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். சோற்றுடன் வேகவைத்த இறைச்சி அவற்றுக்கு உணவாம்! குதிரைநோய் தீர்க்க வல்லார் நாட்டில் இல்லை. அத்தகையோரை வணிகர் வரவிடுவதுமில்லை. குதிரை மடிந்தால்தானே மறுபடியும் விற்கலாம். பாரசீக ஆசிரியர் வசாப், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும், கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் குறிப்பர். காயல் துறையிற் குவிந்த முத்தின் பயனெல்லாம் இவ்வாறு குதிரைக் குளம்பின்கீழ்ப் போயிற்று எனலாம். அத்துணைச் செலவிட்டும், 1311இல் மாலிக் காபூரின் குதிரைப்படை மதுரை வரை வந்ததை அவர்களால் தடுக்க முடியவில்லை.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு நாட்டைக் காண்போம். வட அமெரிக்காவில் கொமாஞ்சியர் என்னும் குடியினர் முன்னர் மலைப்புறத்தில், நாய்கள் மீது சுமையேற்றிக் கால்நடையாய்த் திரிந்தவர். ஸ்பானியர் கொணர்ந்த குதிரைகள், 1680இல் புவெப்லோ மக்கள் செய்த கிளர்ச்சியின்பின் உள்நாட்டுக் குடிகளிடையே விரைவிற் பரவின. கொமாஞ்சியர் அவற்றுடன் தெற்கே புல்வெளிக்கு இறங்கினர். அங்கே குதிரை தானே மேய்ந்து தானே பெருகிற்று. விலைகொடுத்து வாங்க வேண்டிய தேவை இல்லை. ஆணும் பெண்ணும் சிறாரும் குதிரையேறினர். காட்டெருமை வேட்டை எளிதாயிற்று. கூடாரம் பெரிதாயிற்று. ஒருவன் செல்வம் அவனுடைய குதிரைத் தொகையால் அளக்கப்பட்டது. பெண்கொள்வதற்கும் குதிரையே பரிசம். ஸ்பானியரே 1786இல் அவர்களோடு சமாதானம் செய்துகொள்ள நேர்ந்தது. பின்னர் வெள்ளையர் காட்டெருமைகளைக் கொன்றொழித்தபோது அவ்வாழ்வு குலைந்தது. 1875இல் அவர்களின் இறுதிக் கூட்டமும் அடிபணிந்தது.

அங்கே குடிமகனைக் குதிரை உயர்த்திற்று. இங்கே அது அரசன் வாயிலைக் கடந்து குடிமகன் முற்றத்துக்கு வரவேயில்லை. தம்பலகாமத்து வயலை உழுததும், நெல்லை வண்டியிற் கோணமலைக்கு இழுத்துவந்ததும் எருதே. ஏழை உழவன் கண்ட குதிரை பெரும்பாலும் கோயில் வாகனமாகிய மரக்குதிரை. தமிழகத்துச் சிற்றூர்களில் ஐயனார்க்கு நேர்ந்துவைத்த மண்குதிரை. பரி, புரவி, இவுளி, மா எனப் பெயர்கள் நம் மொழியில் நிரம்ப உண்டு. அவற்றை வழங்கிய புலவரிற் குதிரையேறியவர் எத்தனை பேரோ!

குதிரை தானே பெருகிய இடம் ஒன்று நம் நாட்டிலும் உண்டு. கல்லும் புல்லுமான நெடுந்தீவில், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டின்றித் திரிகின்றன. கோடையில் நீர் வற்றும்போது அவற்றுட் சில மடிகின்றன.