கட்டுரையை மகளே எழுதட்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் என் மகள், ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பத்துக்கான கட்டுரையைத் தொடவே மாட்டேன் என்கிறாள். நானே எழுதிக் கொடுத்துவிடலாமா?
– ஒரு தாய், கோவை

அதை மட்டும் செய்யாதீர்கள், அம்மா! உங்கள் நடை பதினேழு வயதுக்குள் ஒளிந்துகொள்ளாது. தவிர, தானே எழுதியது என்று அவள் உறுதிமொழி தரவேண்டும்.

பேச்சுக் கொடுங்கள், அது போதும். உதாரணமாக, “கெட்டுப்போன மிக்ஸியைக் கழற்றினாயே, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தபோது என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். பதிலைப் போனில் பதிவு செய்துகொள்ளட்டும்; முதல் வரைவு தயார். உச்சவரம்பு 650 சொற்கள்தான். பரிசு, பதக்கமெல்லாம் இங்கே வேண்டாம், விண்ணப்பத்தில் அவற்றுக்குத் தனி இடம் இருக்கிறது.

படிக்கத் தந்தால் பேனாவைத் தொடாமல், “இந்த இடம் எனக்குப் புரியலை” என்று மட்டும் சொல்லுங்கள். பெரியப்பா, ட்யூஷன் சார் என்று ஊரைக் கூட்டித் திருத்தவிடாதீர்கள். பல கல்லூரிகளுக்கு நவம்பர் 1 அல்லது ஜனவரி 1 கெடு. காலண்டரில் வட்டம் போடுவது உங்கள் வேலை.