ஈறோரம்

ஒரு மார்கழிக் காலையில், தாடிக்கொம்பில், கொல்லைப்புறக் குழாயடியில் கொப்பளித்துத் துப்பிய நுரையில் சிவப்பு தெரிந்தது. இதை எழுதுகிறவனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பல் விளக்காமல் ஒரு நாளும் டீ குடித்ததில்லை. சொத்தைப் பல் ஒன்றுகூடக் கிடையாது என்ற பெருமை வேறு. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் செய்த காரியம், அந்த இடத்தில் மட்டும் பிரஷ் படாமல் ஒதுக்கி விளக்கியது. புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்பது அவன் கணக்கு.

ஒரு வருஷம் ஆயிற்று. ஆறவில்லை. வாய் நாறுகிறது என்று வீட்டில் ஜாடையாகவும் பிறகு நேராகவும் சொன்னார்கள். கீழ் முன்பல் ஒன்றை நாக்கால் தள்ளினால் அசைந்தது. திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினான்.

பல் டாக்டர் சின்னப் பெண். கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, “ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு” என்று சொல்லிக்கொண்டே போனார், உதவியாளர் எழுதிக்கொண்டார். மில்லிமீட்டர் கணக்காம். மூன்று வரை கவலையில்லை. ஐந்து, ஆறு என்றால் ஈறு பல்லை விட்டு விலகிப் பையாகிவிட்டது என்று அர்த்தம். “ஐயா, நீங்க பல்லை நல்லாத்தான் விளக்கியிருக்கீங்க. ஈறோரத்தைத்தான் விட்டுட்டீங்க. ரத்தம் வர்ற இடத்துலதான் பிரஷ் அவசியமா படணும்” என்றார்.

கேட்க அபத்தமாக இருந்தது. ஆனால் 1965-லேயே டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஈறு நன்றாக இருந்த பன்னிரண்டு பேரைப் பல் விளக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தது. ரத்தம் பிரஷ் கீறியதால் வருவதில்லை பெரும்பாலும். ஈறோரம் படிந்த கிருமிப் படலத்தால் ஈறு அழன்று கிடப்பதால் வருகிறது.

அதே லோ பிறகு வந்தது நம் சனங்களிடம். 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பார்க்கத் தொடங்கி, 1985 வரை தொடர்ந்தார். மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். திண்டுக்கல்லும் அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. வழக்கமான பல் பராமரிப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை. சொத்தையும் ஏறக்குறைய இல்லை. ஆனாலும் ஈறு நோயின் வேகத்தைப் பார்த்தால், நூற்றில் எட்டுப் பேருக்கு மளமளவென்று முற்றியது, எண்பத்தொரு பேருக்கு நிதானமாக முற்றியது. பதினொரு பேருக்கு ஈறு அழற்சியோடு நின்றுவிட்டது. சொத்தையே இல்லாத வாயிலும் பல் ஆடி விழும் என்பதை இவன் தன் பல்லை வைத்துத்தான் தெரிந்துகொண்டான். அவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

டாக்டர் சொன்ன வீட்டுச் சோதனை ஒன்று உண்டு. பல் விளக்கி முடித்தபின் பீட்ரூட் துண்டை மென்று, லேசாகக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். இவன் பார்த்தபோது பல்லின் முகம் வெள்ளையாக இருந்தது. ஈறை ஒட்டி, ரவிக்கை பார்டர்போல ஒரு சிவப்புக் கோடு. கீழ் முன்பற்களின் உள்பக்கம் மொத்தமும் சிவப்பு. நாக்கின் அடியில் எச்சில் ஊறும் வாய் அங்கேதான் இருக்கிறது. எச்சிலில் உள்ள உப்புச் சத்து படலத்தோடு சேர்ந்து இறுகிக் காரையாவதும் அங்கேதான் அதிகம்.

விளக்கும் முறை சார்லஸ் பாஸ் என்ற அமெரிக்கர் பெயரில் இருக்கிறது. அவர் பல் மருத்துவர்கூட இல்லை, பொதுவான மருத்துவம் படித்தவர். மென்மையான பிரஷை ஈறைப் பார்த்துச் சாய்த்து, நார் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இரண்டிரண்டு பல்லாக, அரிசி நீளத்துக்குமேல் நகராமல் அதிர்த்துக் கொடுக்கவேண்டும். கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்குப் பிரஷை நட்டமாகப் பிடிக்கவேண்டும். பேனா பிடிப்பதுபோல விரல் நுனியால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். கைப்பிடியாகப் பிடித்துத் தேய்ப்பது பாத்திரத்துக்குச் சரி. முடிய இரண்டு நிமிஷம். பல்லிடுக்குக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் குட்டிப் பிரஷ். அதுவரை குத்திய ஊக்கும் ஈர்க்குச்சியும் ஈறைப் புண்ணாக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

அப்பத்தா உமிக்கரியால் விளக்கியவர். பல் பளபளவென்றிருக்கும், ஆனால் பல்லின் அடியில், ஈறை ஒட்டி, நகத்தை வைத்தால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம். செங்கல் தூள், கரி, உப்பு எல்லாமே அறுக்கும். வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கினால் குற்றமில்லை. உள்பக்கத்துக்கு வளையாது, அவ்வளவுதான். புகையிலைப் பொடி தேய்ப்பவர்கள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. புகையிலை கலந்த பல்பொடியை அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு கண்கட்டு: ஈறு கெட்டாலும் ரத்தம் அவ்வளவாக வராது. வராததை நலம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் சில இடங்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக்கூடாது என்பது இந்திய அளவு. சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் விழும் பழுப்புக் கறை அழுக்கில்லை, பல் உருவாகும்போதே உள்ளே ஏறியது. அதைக் கரி போட்டுத் தேய்த்துப் பல்லைத் தேய்த்ததுதான் மிச்சம். பேஸ்டிலும் அதே ஃபுளோரைடு இருப்பதால், குழந்தைகள் அதை விழுங்கும் வயதில் அரிசி அளவு போதும்.

காரை பிடித்துவிட்டால் எந்தப் பிரஷும் எடுக்காது. ஸ்கேலிங் செய்தாகவேண்டும். “சுத்தம் பண்ணுனா பல்லு ஆடிப்போகும்” என்று டீக்கடையில் நாலு பேர் தடுத்தார்கள். ஆடத்தான் செய்தது, சில நாள். காரை முட்டுக்கொடுத்து மறைத்துவைத்திருந்த ஆட்டம் அது. டாக்டர் எழுதிக் கொடுத்த குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை இரண்டு வாரம் கழித்து நிறுத்தச் சொன்னார். இவன் மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் ஒரு மாதம் ஓட்டினான். பல் பழுப்பேறி, சாம்பாரின் ருசி மாறிப்போனது.

ராத்திரி விளக்குவதுதான் ரொம்ப நாள் பிடிபடாத பழக்கம். பிரஷைக் குழாயடியிலிருந்து எடுத்து டிவி பக்கத்தில் வைத்த பிறகு வந்தது.

சிகிச்சை தொடங்கிய பதினோராம் நாள் ரத்தம் நின்றது. சர்க்கரையும் பார்க்கச் சொன்னார்கள். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று கிளப்பிவிடுமாம். இருந்தது, ஆரம்பநிலையில். கீழ் முன்பல் மட்டும் இன்னும் லேசாக ஆடுகிறது. கரைந்த எலும்பு திரும்பி வராது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆயக்குடிக் கொய்யாவை அவன் இப்போது கத்தியால் நறுக்கித்தான் தின்கிறான்.