மாதுங்காவின் ஐந்து பூங்காக்கள்

தேர்வு நெருங்கினால் நம் மாணவர் பலர் புத்தகமும் கையுமாகச் சென்று அமரும் ஐந்து பூங்காக்கள், வெறும் பொழுதுபோக்குக்காக எழுந்தவை அல்ல. அவற்றுக்குப் பின்னே ஒரு கொள்ளைநோய் இருக்கிறது.

1896-இல் பிளேக் நோய் பம்பாயைத் தாக்கிற்று. நெருக்கமான வீடுகளின் கெட்ட காற்றே காரணம் என்று பலரும் எண்ணினர். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பது பின்னரே உறுதியாயிற்று. பிழையான மருத்துவம் நல்ல பூங்காவைத் தந்தது என்க!

1898-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்டு, தாதர்–மாதுங்கா வெளியில் அகன்ற சாலைகளை வகுத்தது. அதன் பொறியாளர் மன்செர்ஜி ஜோஷி, அங்கே பார்சி மக்களுக்கு மனைகள் பெற்றுத் தந்து, தெருவுக்கொரு மரவகையும் நடுவித்தார். ஐந்து பூங்காக்கள் இன்று அவர் பெயரையே தாங்குகின்றன.

1923-இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரி (இன்று ஜீஜாபாய் பெயரில் உள்ளது) பைகுல்லாவிலிருந்து இங்கு வந்தது. 1943-இல் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் தொழில்நுட்பத் துறையும் வந்து சேர்ந்தது. ஊர்ப் பூங்கா மாணவர் பூங்காவும் ஆயிற்று.

இருப்புப்பாதைக்கு அப்பால் தாராவி. திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் குடியேறிய அவ்விடத்தில், தெருவுக்கொரு மரம் வைக்கத் திட்டமிட்டவர் எவருமில்லை. வீட்டில் படிக்க இடமில்லாத நம் தம்பிமாருக்கு, அங்கிருந்து இப்பூங்கா நடந்து வரும் தொலைவுதான்.